பூட்டும் திறவுகோலும்: சிறைக்காவலின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். கைவினைஞர்கள் அரமும் சுத்தியலும் கொண்டு செய்துவரும் இவ்வூர்ப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. பூட்டு எத்துணை வலியதாயினும், அதன் காவல் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவனின் நேர்மையளவே நிற்கும் என்பதை இவ்வூரார் நன்கறிவர். வீட்டுப் பூட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, அரசு மனிதர்களையே உள்ளே வைத்துப் பூட்டும் சிறைச்சாலைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

சிறைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அங்கே அடைபட்டிருந்த தலைவர்களைப் பற்றியும் தியாகிகளைப் பற்றியுமே எழுதியுள்ளனர். அவர்களைக் காவல் காத்தவர் யார், அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார், அவருக்கு ஊதியம் அளித்தவர் யார், அவரைக் கண்காணித்தவர் யார் என்ற வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. நாமும் இவ்வினாக்களை நெடுங்காலம் எழுப்பாதிருந்தவர்களே. அவற்றை நம்முள் எழுப்பியவர் நூலறிவு ஏதுமில்லாத முதியவர் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் அமர்ந்திருந்தபோது அவர் நம்மை அணுகினார். ஏதோ ஒரு வழக்கில் அவருடைய மகன் ரிமாண்டு செய்யப்பட்டிருந்தான். "ஹஜரத், எம் மகனைப் போலீசு வெச்சிருக்கா, கோர்ட்டு வெச்சிருக்கா, ஜெயிலு வெச்சிருக்கா? யாருகிட்டப் போய்க் கேக்கணும்?" என்று கேட்டார். அன்று காலையில்தான் நாம் மாணவர்களுக்கு 'ஹிதாயா'வில் 'அதபுல் காழீ' என்னும் பாடத்தை நடத்தியிருந்தோம். புதிதாகப் பொறுப்பேற்கும் நீதிபதி சிறைப்பட்டோரின் நிலையை எவ்வாறு ஆராய வேண்டும் என்பதை வரிவரியாக விளக்கிய நமக்கு, அம்முதியவரின் எளிய கேள்விக்கு விடை தெரியவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சிறையை அறிந்திருந்தோம். நம் ஊர்ச் சிறையை அறிந்திருக்கவில்லை. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஃபிக்ஹு நூல்களில் சிறைக்காவல்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் சிறைக்கெனத் தனிக் கட்டடம் இருந்ததில்லை. யமாமாவின் தலைவர் துமாமா பின் உஸால் பிடித்துவரப்பட்டபோது மஸ்ஜிதுந் நபவியின் தூண் ஒன்றில் கட்டிவைக்கப்பட்டார். நபியவர்கள் நாள்தோறும் தாமே அவரிடம் வந்து உரையாடினார்கள். மூன்றாம் நாள் அவரை விடுவிக்கச் செய்தார்கள். விடுதலை பெற்றவர் குளித்துவிட்டுத் திரும்பிவந்து இஸ்லாத்தை ஏற்றார். இந்நிகழ்ச்சியை அவர் மனமாற்றத்தின் சான்றாகவே நாம் பேசிவருகிறோம். சிறை வரலாற்றுக் கண்ணோடு நோக்கினால் வேறொன்றும் புலப்படும்: ஆட்சித் தலைவருக்கும் கைதிக்கும் இடையே அங்கே எந்தக் காவலனும் திரையாக நிற்கவில்லை.

ஆட்சி விரிந்தபோது அந்நெருக்கம் இயலாததாயிற்று. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மக்காவில் ஸஃப்வான் பின் உமைய்யாவின் வீடு நாலாயிரம் திர்ஹத்துக்கு வாங்கப்பட்டுச் சிறையாக்கப்பட்டது. அலீ (ரலி) அவர்கள் கூஃபாவில் முதலில் நாணலால் ஒரு சிறை அமைத்து அதற்கு 'நாஃபிஉ' எனப் பெயரிட்டார்கள். கைதிகள் அதைத் துளைத்துத் தப்பவே, களிமண்ணால் 'முகய்யிஸ்' என்னும் வேறொரு சிறையை எழுப்பினார்கள். இவ்வாறு சுவர் வந்தது. சுவரோடு காவலனும் வந்தான். காவலனோடு அவனைக் காவல் காப்பது யார் என்ற சிக்கலும் வந்தது.

அச்சிக்கலைத் தெளிவாக உணர்ந்தவர்களில் ஒருவர், ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். கடனுக்காக அடைபட்டோரைக் குற்றவாளிகளுடன் ஒரே அறையில் வைக்கலாகாது. பெண்களுக்குத் தனிச்சிறை வேண்டும். நின்று தொழ இயலாதவாறு எவரையும் விலங்கிடலாகாது. சிறைப் பொறுப்பை நம்பிக்கைக்குரியவரும் கையூட்டு வாங்காதவருமான ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அவர்கள் தம் ஆளுநர்களுக்கு எழுதினார்கள். கையூட்டு வாங்குபவன் தனக்கு ஏவப்பட்ட எதையும் செய்யத் துணிவான் என்பது அவர்கள் காட்டிய காரணம்.

இப்பொருளை விரித்துரைத்தவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள். அவருடைய ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், கலீஃபா மன்ஸூர் அளித்த நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்ததற்காகச் சிறை வைக்கப்பட்டு, ஹிஜ்ரி 150இல் பக்தாதில் சிறையிலேயே உயிர் நீத்தார்கள் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்த மன்ஸூரின் பேரரான ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் அபூயூஸுஃப் தலைமை நீதிபதியானார். கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய 'கிதாபுல் கராஜ்' வரிவிதிப்பைப் பற்றிய நூல். எனினும் அதில் கைதிகளுக்கென ஒரு பகுதி உண்டு. ஆசிரியரைச் சிறையில் இழந்த மாணவர் எழுதிய பகுதி என்பதை நினைவில் கொண்டு அதைப் படித்தல் தகும்.

கைதிகளுக்கு அன்றாடம் ரொட்டி வழங்குவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் மாதம் பத்து திர்ஹம் பணமாக வழங்குமாறு அவர் பரிந்துரைக்கிறார். ரொட்டியாக அனுப்பினால் சிறைக் காவலரும் பொறுப்பாளரும் அதை எடுத்துக்கொள்வர் என்று ஒளிவுமறைவின்றிக் கூறுகிறார். அப்பணத்தை வழங்கவும் நல்லொழுக்கமுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் கைதிகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதித் தம்மிடம் வைத்துக்கொண்டு, மாதந்தோறும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும். விடுதலையானவரின் பங்கு திரும்பச் செலுத்தப்பட வேண்டும். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனி உடைகள், பெண்களுக்குக் கூடுதலாக முக்காடு, உறவினரற்றுச் சிறையில் இறப்போருக்கு அரசுச் செலவில் குளிப்பாட்டும் கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் என்று அவர் பட்டியல் நீள்கிறது. கைதிகள் விலங்கோடு வெளியே அழைத்துச் செல்லப்பட்டுப் பிச்சை ஏற்கும் வழக்கத்தை அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். இவை அனைத்துக்கும் மேலாக, சிறைகள் நிரம்பி வழிவதற்குக் காரணம் குற்றங்களின் பெருக்கமன்று, கைதிகளின் வழக்குகளை எவரும் திருப்பிப் பார்க்காமையே என்று ஆட்சியாளரிடமே எடுத்துரைக்கிறார்.

நம் முன்னோரின் பெருமையாக மட்டும் இதைப் பேசிவிடுதல் முறையன்று. கைதியின் ரொட்டியைத் திருடிய காவலர்களும், விலங்கோடு பிச்சைக்கு அனுப்பப்பட்ட கைதிகளும் அப்பாசியர் ஆட்சியில் இருந்தமையால்தான் அந்தப் பகுதியே எழுதப்பட்டது. குறை அங்கும் இருந்தது. குறையைக் குறையென்று எழுதும் நெஞ்சுரமும் இருந்தது.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் மர்கீனானி (மறைவு ஹிஜ்ரி 593) எழுதிய 'ஹிதாயா' இதனை நீதிமன்ற நடைமுறையாகவே வகுக்கிறது. புதிய காழீ முதலில் தமக்கு முன்னிருந்தவரின் பதிவேடுகளைப் பெற வேண்டும். அடுத்துச் சிறைப்பட்டோரின் நிலையை ஆராய வேண்டும். கைதி தன்மீதுள்ள உரிமையை ஒப்புக்கொண்டால் அது அவனைக் கட்டுப்படுத்தும். மறுத்தால், பதவி நீங்கிய காழீயின் சொல் மட்டும் போதாது, சான்று வேண்டும். சான்று இல்லையெனில் உடனே விட்டுவிடாமல், இன்னாருக்கு எதிராக வழக்குடையோர் வரலாம் என்று அறிவிப்புச் செய்து, எவரும் வாராவிடில் விடுவிக்க வேண்டும். இருதரப்பு உரிமையையும் காக்கும் இந்நடைமுறையில், சிறை என்பது நீதிபதியின் பதிவேட்டோடு கட்டப்பட்டுள்ளது. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் இராவுத்தர் சமூகத்தார் மிகுந்த திண்டுக்கல் வட்டாரத்தில் இப்பாடம் புதியதன்று. அதை நம் ஊர் வரலாற்றோடு பொருத்திப் பார்த்ததுதான் இல்லை.

கோட்டையிலிருந்து தாலுகா கச்சேரிக்கு

திண்டுக்கல் நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் பாறைக் குன்றின்மேல், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில் கோட்டை எழுந்தது. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் ஃபவ்ஜ்தாராக இங்கு வந்தார். அவர் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் நினைவைத் தாங்கி நிற்பதே பேகம்பூர். கோட்டையினுள் போர்க் கைதிகளை அடைத்த அறைகள் என்று சிலவற்றை இன்றும் காட்டுகின்றனர். அக்காலச் சிறை என்பது கோட்டையின் ஒரு மூலைதான். சிறைக்கெனத் தனி ஊழியர் கிடையாது, படைவீரனே காவலன். 1790இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி கம்பெனிக்கு உரியதாயிற்று. காவல்முறை உடனே மாறிவிடவில்லை.

அம்முறை எத்துணைத் தளர்வானது என்பதை ஊமைத்துரையின் வரலாறு காட்டும். கட்டபொம்மன் 1799 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட பின் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைக் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஆதரவாளர்கள் துணையுடன் அவர் தப்பினார். மருது சகோதரர்களோடு இணைந்து போரிட்டபின் திண்டுக்கல் பக்கம் வந்த அவர், வத்தலக்குண்டு அருகே பிடிபட்டு அவ்வாண்டே தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல் கூட்டணியின் தலைவரான விருப்பாச்சி கோபால நாயக்கரும் அவ்வாண்டிலேயே தூக்கிலிடப்பட்டார். எஞ்சியோரில் ஏறத்தாழ எழுபது பேர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். நீண்ட காலம் காவலில் வைத்துக் காக்கும் ஏற்பாடு அன்றைய ஆட்சியிடம் இல்லை. கொல்லுதல் அல்லது கடல் கடத்துதல் என்பதே அதன் வழியாயிருந்தது.

பின்னர்க் கம்பெனி ஆட்சி நிலைபெற்றபோது கைதிகளை விலங்கிட்டுச் சாலை போடும் வேலையில் ஈடுபடுத்தினர். 1836இல் அமைக்கப்பட்டு, மெக்காலே உறுப்பினராயிருந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் அளித்த அறிக்கை, கீழ்நிலை ஊழியரின் ஊழலையும் வெளிவேலையால் ஒழுங்கு குலைந்திருப்பதையும் எடுத்துக்காட்டியது. அபூயூஸுஃப் சுட்டிய நோயை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பேரரசின் அறிக்கை மீண்டும் சுட்டியது. ஆயினும் மருந்தாக அது நாடியது, காவலனின் நேர்மையைவிடக் கட்டடத்தின் கடுமையையே. அதன் விளைவாக மத்தியச் சிறைகள் எழலாயின. தமிழகத்தில் சேலத்தில் 1862இலும், கோயம்புத்தூரில் 1872இலும், பாளையங்கோட்டையில் 1880இலும் பெருஞ்சிறைகள் தோன்றின. திண்டுக்கல் வட்டாரத்தின் தண்டனைக் கைதிகளுக்கு மதுரையே சிறையாயிற்று.

நம் ஊர் போன்ற தாலுகாத் தலைநகர்களில் கச்சேரி வளாகத்துக்குள்ளேயே கிளைச்சிறை அமைந்தது. தாசில்தாரோ துணை மாஜிஸ்திரேட்டோ அதற்கும் பொறுப்பாளர். வரி வசூலிப்பவரே, அல்லது காவலில் வைக்க ஆணையிடுபவரே, அச்சிறையையும் நடத்தினார். பெரிய சிறைகளிலோ மாவட்ட மருத்துவரே கண்காணிப்பாளராகவும் இருப்பது வழக்கமாயிருந்தது. இந்த ஏற்பாடுகளின் உட்பொருள் ஒன்றுதான்: சிறைக்கெனத் தனியாக ஆள் வைத்துப் பணம் செலவிட அரசு விரும்பவில்லை.

கைதியே காவலனான கதை

1894ஆம் ஆண்டின் சிறைச்சட்டம் இந்தியச் சிறைகளுக்கு ஒரே சட்டகத்தை அளித்தது. மாகாணத்துக்கு ஒரு தலைமை அதிகாரி. ஒவ்வொரு சிறைக்கும் ஒரு கண்காணிப்பாளர், மருத்துவ அலுவலர், ஜெயிலர், பிற ஊழியர். ஜெயிலர் சிறையிலேயே குடியிருக்க வேண்டும். ஊழியர் எவரும் கைதிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாகாது. சிறைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் பங்கு கொள்ளலாகாது. பெண்களை ஆண்களிடமிருந்தும், விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளிடமிருந்தும் பிரித்து வைக்க வேண்டும். உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கட்டளைகளை அறிந்தோர்க்கு இவற்றுள் பல அயலாகத் தோன்றா.

ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்துவைத்தது. சிறை ஊழியராக நியமிக்கப்படும் கைதிகளும் பொது ஊழியராகவே கருதப்படுவர் என்பது அப்பிரிவு. நீண்டகாலத் தண்டனை பெற்றோரில் சிலரைத் தேர்ந்து, இரவுக் காவலர், மேற்பார்வையாளர், கைதி வார்டர் எனப் படிப்படியாக உயர்த்திப் பிற கைதிகளை ஆளும் அதிகாரத்தை அவர்களிடம் அளிக்கும் வழக்கத்துக்கு அது சட்ட வடிவம் தந்தது. கைதிக்குப் பொறுப்புணர்வு பிறக்கும் என்று அதற்கு நியாயம் கூறப்பட்டது. கணக்குப் புத்தகம் கூறிய நியாயமோ வேறு: ஊதியமின்றிக் காவலர் கிடைத்தனர். ஊதியம் பெறாதவனிடம் திறவுகோலைக் கொடுத்தால், அவன் அதன் விலையைப் பூட்டப்பட்டவனிடமே பெற்றுக்கொள்வான் என்பதை அறிய அபூயூஸுஃபின் நூல் ஒன்றே போதும்.

காவலனைக் கவனியாத ஆட்சி எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு 1921 நவம்பரில் நேர்ந்தது ஒரு கொடிய சான்று. மலபார்க் கிளர்ச்சியின்போது அங்குள்ள சிறைகள் நிரம்பிவிட்டமையால், மாப்பிள்ளைக் கைதிகளே பெரும்பான்மையரான ஏறத்தாழ நூறு பேரைத் திரூரிலிருந்து பெல்லாரிக்கு அனுப்ப முற்பட்டனர். காற்றோட்டமற்ற சரக்குப் பெட்டியில் அவர்களை அடைத்துப் பூட்டினர். போத்தனூரில் பெட்டியைத் திறந்தபோது மூச்சுத்திணறி மாண்டோர் குவியலாய்க் கிடந்தனர். இறந்தோர் தொகை எழுபதை எட்டியது. பூட்டு உறுதியாகவே இருந்தது. கதவைத் தட்டிய ஓசையைக் கேட்கும் காவலன்தான் இல்லாதிருந்தான்.

அதற்கு முந்தைய ஈராண்டுகளில், 1919-20இல், அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக்குழு, சிறையின் நோக்கம் தண்டனை மட்டுமன்று, திருத்தமும்தான் என்று உரைத்து, பயிற்சி பெற்ற முழுநேர ஊழியரின் தேவையை வலியுறுத்தியிருந்தது. அப்பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்த வேகம் மிக மெதுவானது. விடுதலைக்குப் பின்னும் கைதி வார்டர் முறை தொடர்ந்தது.

அதன் தீய முகம் நெருக்கடி நிலைக் காலத்தில் வெளிப்பட்டது. 1976 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு சென்னை மத்தியச் சிறையில் மிசா சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டிருந்தோர் கடுமையாகத் தாக்கப்பட்டனர். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அத்தாக்குதலுக்குள்ளானவர்களில் ஒருவர்; 1977 ஜனவரியில் அவர் காலமானார். இக்கொடுமைகளை விசாரிக்க அமைந்த ஆணையத்தின் தலைவர், நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல். கம்பனில் தோய்ந்த புலமையாளராகவும், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் நம் வாசகர்கள் அறிந்தவரே அவர். சிறைக்குள் நடந்ததை வெளிக்கொணர்ந்த அவ்விசாரணையில், காவலரோடு தண்டனைக் கைதிகளும் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டமை வெளிச்சத்துக்கு வந்தது. இஸ்மாயீல் அவர்களின் இலக்கியப் பணியைப் பாராட்டும் நாம், அவர்தம் இப்பணியை அரிதாகவே நினைவுகூர்கிறோம். சிறைப்பட்டோரின் நிலையை ஆராய்தல் நீதிபதியின் முதற்கடமைகளுள் ஒன்று என்ற அந்தப் பழைய விதிக்கு, நம் காலத்தில் நம்மவர் ஒருவர் அளித்த செயல்விளக்கம் அது.

இன்றைய அமைப்பு

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி சிறை மாநிலத்துக்குரிய பொருள். தமிழகச் சிறைகள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளால் நெறிப்படுத்தப்படுகின்றன. துறையின் பெயரும் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்றாகியுள்ளது. காவல்துறையின் உயர் அலுவலர் ஒருவர் அதன் தலைவர். அவருக்குக் கீழே சரகத் துணைத்தலைவர்கள். சென்னையின் பழைய மத்தியச் சிறை 2006இல் புழலுக்கு இடம்பெயர்ந்தது. புழலில் இரண்டும், வேலூர், கடலூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, பாளையங்கோட்டை ஆகியவற்றில் ஒவ்வொன்றுமாக ஒன்பது மத்தியச் சிறைகள் உள்ளன. பெண்களுக்கான தனிச்சிறைகளும், இளையோருக்கான பார்ஸ்டல் பள்ளிகளும், மாவட்டச் சிறைகளும், கிளைச்சிறைகளும் இவற்றின் வேறு. கிளைச்சிறைகள் வருவாய்த்துறையின் பிடியிலிருந்து விலகிச் சிறைத்துறையின் பொறுப்புக்கு வந்தமை காலம் தாழ்ந்து நேர்ந்த நல்ல மாற்றம்.

திறவுகோலை உண்மையில் ஏந்துபவர் இரண்டாம் நிலைக் காவலர். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், காவல்துறைக்கும் தீயணைப்புத்துறைக்கும் ஆள் எடுக்கும் அதே தேர்வின் வழியே இவர்களையும் எடுக்கிறது. இவர்கள் முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர் என உயர்வர். அவர்களுக்கு மேலே உதவிச் சிறை அலுவலர், துணைச் சிறை அலுவலர், ஜெயிலர், கண்காணிப்பாளர் என்று படிநிலை அமைகிறது. அலுவலர் நிலைத் தேர்வுகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சியளிக்க 1979இல் நிறுவப்பட்ட கழகம் வேலூரில் இயங்குகிறது. சிறைக்குள் மருத்துவர், ஆசிரியர், நலஅலுவலர், உளவியலாளர் ஆகியோரும் பணிபுரிகின்றனர். கோவையின் நெசவு, வேலூரின் காலணி எனச் சிறைத் தொழில்களும் உண்டு.

திண்டுக்கல்லில் ஆண்களுக்கு மாவட்டச் சிறை உள்ளது. பெண்கள் நிலக்கோட்டையிலுள்ள பெண்கள் கிளைச்சிறைக்கு அனுப்பப்படுகின்றனர். நீண்ட தண்டனை பெற்றோர் மதுரை மத்தியச் சிறைக்குச் செல்வர். ஒரு காலத்தில் காயிதே மில்லத் அவர்களின் பெயரைத் தாங்கியிருந்த இம்மாவட்டத்தில் ஒருவர் கைதானால் நடப்பது இதுதான். விசாரிப்பது காவல்துறை. காவலில் வைக்க ஆணையிடுவது நீதிமன்றம். ஒருமுறைக்குப் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் அவ்வாணை நீட்டிக்கப்பட வேண்டும். உள்ளே வைத்துக் காப்பது சிறைத்துறை. வழக்கு நாளில் நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் வழிக்காவலோ ஆயுதப்படைக் காவலரின் பணி. உறவினர் அவரைக் காணச் சிறைவாயிலில் மனுக் கொடுக்க வேண்டும். அதனால்தான் அச்சந்திப்பை மக்கள் 'மனு பார்ப்பது' என்கின்றனர். ஆகவே அம்முதியவரின் கேள்விக்குரிய விடை, மகன் மூவரிடமும் இருக்கிறான் என்பதே. மூவரிடம் இருப்பவன் எவருக்கும் முழுப்பொறுப்பில்லாதவனாகிவிடும் இடர் இங்கேதான் தோன்றுகிறது. வழிக்காவலுக்கு ஆள் இல்லையென்றால் வாய்தா தள்ளிப்போகிறது. காணொளி வழியே கைதியை நீதிபதி முன் நிறுத்தும் வசதி இக்குறையை ஓரளவு குறைத்திருப்பினும், நேரில் நின்று பேசுவதன் பயனை அது முழுமையாகத் தருவதில்லை.

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர்; அவர்களுள் 4,34,302 பேர் தண்டனை விதிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர். அதேவேளை நாடு முழுதும் அனுமதிக்கப்பட்ட சிறைப் பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவை நிரப்பப்படாமல் கிடந்தன. ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு கூறும் அளவு. ஆள் குறையும்போது எஞ்சிய காவலர் ஓய்வின்றி உழல்கிறார், ஓய்வற்றவர் பொறுமையிழக்கிறார், அல்லது வலிமை மிக்க கைதிகளிடம் அதிகாரத்தைச் சிறிது சிறிதாகக் கைவிடுகிறார். கைதி வார்டர் முறை ஏட்டிலிருந்து நீங்கினும், ஆள் பற்றாக்குறை அதனை வேறு பெயரில் திரும்ப அழைத்துவரும். வேலைப் பகிர்வில் சாதி நோக்கும் வழக்கத்துக்கு இடமளித்த சிறைக் கையேட்டு விதிகளை 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அவ்வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டதும் எடுத்துரைக்கப்பட்டது என்பது தமிழர் அனைவரும் நாண வேண்டிய செய்தி.

விசாரணைக் கைதிகளில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகின்றனர்; மக்கள்தொகையில் நம் பங்கோ 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி 14.2 விழுக்காடு. விசாரணைக் கைதிகளின் உரிமைக்காக 1979இல் உச்சநீதிமன்றம் அளித்த புகழ்மிக்க தீர்ப்புகள் ஹுஸைனாரா காத்தூன் என்னும் பீகார்ப் பெண்ணின் பெயரையே தாங்கியுள்ளன. தமிழகத்தில் 1998 பிப்ரவரியில் கோவையில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைப் பறித்தன; அக்கொடுமையைச் செய்தோர் தண்டனைக்குரியோர் என்பதில் இருகருத்தில்லை. ஆயினும் அவ்வழக்கில் கைதான அப்துந் நாஸிர் மஅதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்தபின், 2007 ஆகஸ்டில் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டுகளைத் திருப்பித் தரும் திறவுகோல் எவரிடமும் இல்லை.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. விடுதலையான சிறைத்தோழன் அவர்களைப் பற்றி அரசனிடம் கூற மறந்தான். அம்மறதியால் அவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையில் தங்கினார்கள். பின்னர் அரசனின் அழைப்பு வந்தபோதும், தம்மீதான குற்றச்சாட்டு விசாரிக்கப்படும்வரை வெளிவர மறுத்தார்கள். அவர்கள் வேண்டியது கருணையன்று, விசாரணை. நால்வரில் மூவர் விசாரணைக்காகக் காத்திருக்கும் நாட்டில் இவ்வேறுபாடு மிகப் பொருளுடையது.

நம் கடமை

சிறைப்பட்டோருக்கு உணவளிப்பதைத் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் நல்லோரின் பண்பாகக் கூறுகிறது. ரமளானில் கைதிகளுக்கு நோன்புக் கஞ்சி அனுப்ப விரும்பும் நற்செயல் அந்த வழியில் வந்ததே. அதனோடு நின்றுவிடுதல்தான் குறை. கைதியின் பசியை ஒரு மாதம் நினைக்கும் நாம், அவன் பெயர் எந்தப் பதிவேட்டில் எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கிறது என்பதைப் பன்னிரண்டு மாதங்களும் நினைப்பதில்லை. நினைக்கும்போதும் நம்மவரை மட்டுமே நினைக்கிறோம். அபூயூஸுஃப் தம் பட்டியலில் கைதியின் குலத்தைக் கேட்கவில்லை.

செய்யத்தக்கவை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏழைக் கைதிகளுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அளிக்கிறது. ஜமாஅத் நிர்வாகத்தினர் அதன் வாயிலை அறிந்திருந்தால் அம்முதியவர் போன்றோர் திகைக்க வேண்டியிருக்காது. சட்டத்தின் அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்த விசாரணைக் கைதியை விடுவிக்க வழியுண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முதன்முறைக் குற்றம் சாட்டப்பட்டோருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துள்ளது. தூக்குக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய வழக்குகள் இச்சலுகையில் அடங்கா. அபராதமோ ஜாமீன் தொகையோ கட்ட இயலாத ஏழைகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2023இல் வந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் 2023இல் அதில் இடமளிக்கப்பட்டிருந்தது. ஸகாத்துக்குரிய எண்வகையினரில் கடன்பட்டோரும் உளர். அபராதம் கட்ட வழியின்றிச் சிறையில் கிடப்பவர் அவ்வகையில் அடங்குவாரா என்பதை நம் உலமாக்கள் ஆராய்ந்து வழிகாட்டுதல் நலம்.

சிறைகளுக்கு அலுவல் சாராப் பார்வையாளர்களை நியமிக்கும் ஏற்பாடு விதிகளில் உண்டு. கற்றறிந்தோர் அப்பொறுப்பை நாடி ஏற்க வேண்டும். நம் இளைஞர்கள் சிறைக்காவலர் பணியையும் தயங்காமல் ஏற்கலாம். அப்பணியை இழிவாகக் கருதுவோர், கையூட்டு வாங்காத காவலனைத் தேடிய கலீஃபாவை எண்ணிப் பார்க்கட்டும். நல்லவர் ஒதுங்கினால் திறவுகோல் அல்லாதார் கைக்குச் செல்லும். அரபுக் கல்லூரிகளிலும் 'அதபுல் காழீ' பாடம் நடக்கும் நாளில், அருகிலுள்ள சிறையின் நடைமுறையை ஒரு மணி நேரமேனும் மாணவர்க்கு எடுத்துரைத்தால், அப்பாடம் முழுமை பெறும். நாம் அவ்வாறே செய்யத் தொடங்கியுள்ளோம்.

அம்முதியவரின் மகன் சில மாதங்களில் ஜாமீனில் வெளிவந்தான். அவன் குற்றவாளியா அல்லனா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அது நம் வேலையன்று. உள்ளே இருந்த நாள்களில் அவனுக்குரிய உணவு அவன் கைக்கு வந்ததா, அவன் நின்று தொழ முடிந்ததா, அவன் பெயரை உரிய நாளில் எவரேனும் அழைத்தார்களா என்று கேட்பது நம் வேலை. அதைக் கேட்கும் அறிவையும், கேட்டபின் செயல்படும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!